சிரஸ்தார் ஏறிய திறந்த கார்

11 ஜூலை 1957, வியாழன்

கைலாசத்துக்கு நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது. பெண் பிரமநாயகி, திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் வன்னியப்ப பிள்ளையின் ஒரே மகள். பி.ஏ. படித்தவள். கல்யாணம் ஆவணியில், செப்டம்பர் ஐந்தாம் தேதி.

பையனுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் என்ற முறையில் பேச்சு முழுவதும் என் பொறுப்பு. ஜில்லா கோர்ட்டில் நான் சிரஸ்தார், அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவன். பேச வேண்டியதை முறையாகப் பேசத் தெரியும். வரதட்சிணை கூடாது என்றேன். பாத்திரம் பண்டம் வேண்டாம் என்றேன். கூடத்திலிருந்தவர்கள் எல்லாரும் என்னை மெச்சினார்கள். எழுந்திருக்கும் சமயத்தில் ஒரே ஒரு சிறு விஷயம் சொன்னேன். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும்.

வன்னியப்ப பிள்ளை, "அதுக்கென்ன அண்ணாச்சி, டாக்சியில சன்னலப் பூரா இறக்கி விட்டுருவோம்" என்றார்.

"சன்னல் திறந்த கார் இல்ல. கூரை திறந்த கார்" என்றேன்.

பையனைப் பெற்றவள், என் தங்கை உலகம்மாள், என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

12 ஜூலை, வெள்ளி

காலைக் காப்பியில் சர்க்கரை இல்லை. தீர்ந்துவிட்டது என்றாள் உலகம்மாள். டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

18 ஜூலை, வியாழன்

குடைக் கம்பி மாற்றி வந்தது. மதுரையிலிருந்து கைலாசத்தின் கடிதமும் வந்தது. அங்கே மின்சார இலாகாவில் சூப்பர்வைசராக இருக்கிறான். "மாமா, எனக்குத் திறந்த காரும் வேண்டாம், மூடின காரும் வேண்டாம். நடந்தே வருகிறேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆயிரம் பேர் என் மூக்கைப் பார்ப்பார்கள்" என்று எழுதியிருக்கிறான்.

இளவயதில் தனக்கு எது நல்லது என்று யாருக்குத்தான் தெரிகிறது? கடிதத்தை உலகம்மாளிடம் காட்டவில்லை. பீரோவில் விரித்திருக்கும் காகிதத்துக்கு அடியில் வைத்தேன். மறைப்பதற்காக அல்ல, காற்றில் பறந்துவிடக் கூடாதே என்றுதான்.

2 ஆகஸ்ட், வெள்ளி

வன்னியப்ப பிள்ளை கோர்ட்டுக்கே வந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. மூன்று வாரமாகத் தேடியிருக்கிறார்.

"கோயில்பட்டியில ஒரு ஜீப்பு இருக்கு அண்ணாச்சி. மேல இருக்க துணியக் கழட்டிட்டா அதுவும் திறந்த காருதான்."

"ஜீப்பில போலீஸ்காரன் போவான். மாப்பிள்ளை போவானா?"

"லாரிய அலங்காரம் பண்ணி..."

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் லாரியை விட்டுவிட்டார்.

"ஒருவேளை கிடைக்காட்டா என்ன செய்ய, அண்ணாச்சி?"

கார் இல்லாவிட்டால் ஊர்வலம் இல்லை, ஊர்வலம் இல்லாமல் என் மருமகன் மண்டபத்துக்குள் கால் வைப்பது முறையல்ல என்றேன். அவர், நான் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? பிற்பகல் முழுவதும் பேனா சரியாக எழுதவில்லை. நிப்பை மாற்றினேன். அப்போதும் சரியில்லை.

3 ஆகஸ்ட், சனி

உலகம்மாளுக்குச் செய்தி எட்டிவிட்டது. "ஒரு தகரத்துக்காவக் கலியாணத்த நிறுத்தப் போறியா அண்ணே? அந்த மனுசன் கடைவாசல்ல தலையில கைய வச்சு உக்காந்திருக்காராம்" என்றாள். தகரம் என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. இரண்டு வேளையும் வெறும் ரசம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

கார் கிடைத்துவிட்டது!

தேடிப் பிடித்தது வன்னியப்ப பிள்ளை அல்ல, கல்யாணப் பெண். அவளோடு கல்லூரியில் படித்தவளின் தகப்பனார், தூத்துக்குடி கஸ்பார் மோத்தா என்பவர், அமெரிக்கத் திறந்த கார் வைத்திருக்கிறார். பிரமநாயகி தானே கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். தன்னை அழைத்துப் போக வருகிறவனுக்குத் தானே கார் தேடும் பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கெட்டிக்காரி.

வண்டி தகுந்ததுதானா என்று யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வேறு யார் போவது?

15 ஆகஸ்ட், வியாழன்

கோர்ட் விடுமுறை. முதல் பஸ்ஸில் தூத்துக்குடி.

கஸ்பார் மோத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். கொழும்பில் முப்பது வருஷம் கப்பல் சாமான் வியாபாரம் செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பியபோது காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கொட்டகைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். நான் பார்த்தேன்.

உள்ளபடி எழுதுகிறேன். 1947-ஆம் வருஷத்து வண்டி. பழைய அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பெயர். பாலாடை நிறம். உள்ளே செந்நிறத் தோல். மூக்கு எவ்வளவு நீளமென்றால், முன்விளக்கு தெருவுக்கு வந்த பிறகும் ஓட்டுகிறவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார். பன்னிரண்டு சிலிண்டராம். நம் ஊர்க் கார்களில் உபரிச் சக்கரத்தை டிக்கிக்குள் ஒளித்து வைப்பார்கள். இதில் ஒரு பெண் கொண்டையை நிமிர்த்தி முடிந்துகொண்டது போலப் பின்னால் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு குமிழைத் தொட்டதும் கூரை தானே எழுந்து, மடிந்து, பின்சீட்டுக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. அதை மட்டும் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னேன்.

"அமெரிக்காக்காரன் ஐரோப்பாவச் சுத்திப் பாத்துட்டு வந்து, அங்க உள்ளது மாதிரி நமக்கும் ஒண்ணு வேணும்னு ஆசப்பட்டுச் செஞ்ச வண்டி சிரஸ்தாரய்யா" என்றார் மோத்தா. "எலும்பு அமெரிக்கா, சாயல் ஐரோப்பா. ஆசப்பட்டா வெக்கப்படாமச் செஞ்சிரணும். அதான் பாடம்."

அவருடைய நிபந்தனைகள்: காரை அவரே ஓட்டுவார், வேறு யாரும் தொடக் கூடாது. பூ அலங்காரத்துக்கு ஆணி அடிக்கக் கூடாது. பக்கத்தில் வெடி போடக் கூடாது. எல்லாம் நியாயமானவை.

இருக்கையின் தரத்தைச் சோதிக்க வேண்டியிருந்ததால் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சுமார் நாற்பது நிமிஷம் சோதித்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

மண்டபத்து வாசலில் கார் நுழையுமா என்ற சந்தேகம் வந்தது. மறுபடி தூத்துக்குடி போய் அகலத்தை அளந்து வந்தேன். நுழையும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அகலத்தை அளந்தேனே ஒழிய நீளத்தை அளக்கவில்லை. மறுபடி போனேன். மோத்தாவின் மனைவி பிலோமினா அம்மாள் ஒரு தட்டு முந்திரி மக்ரூன் கொண்டுவந்து பின்சீட்டிலேயே கொடுத்தார். கொட்டகையில் நிற்கும் காரில் உட்கார்ந்து மக்ரூன் தின்றதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மோத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மால எவ்வளவு நீளம் கட்டணும்னு உங்க சம்பந்தி வீட்டுல கேட்டு எழுதியிருக்காங்க. உங்க நெஞ்சுக்கு எது வரைக்கும் வந்தா நல்லாருக்கும்?" என்றார். என் அளவு எதற்கு? கைலாசமும் என் உயரம்தான், அதனால் கேட்டிருப்பார். தொப்புள் வரை என்றேன்.

28 ஆகஸ்ட், புதன்

வன்னியப்ப பிள்ளையிடமிருந்து கார்டு. சமையலுக்கு ஆள் பேசியாயிற்று, பந்தல்கால் நட்டாயிற்று என்றெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில், "மாமாவுக்குக் கார் பிடித்திருக்கிறதா என்று பிரமு கேட்கச் சொன்னாள்" என்று சேர்த்திருக்கிறார். 'மாப்பிள்ளைக்கு' என்று எழுத வந்தவருக்குக் கை தவறியிருக்கிறது.

1 செப்டம்பர், ஞாயிறு

கைலாசம் லீவில் வந்துவிட்டான். கார் விஷயத்தில் மல்லுக்கு நிற்பான் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "சரி மாமா. கார்லயே போவோம்" என்றான். பிறகு ஒரு சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று தூத்துக்குடிக்குக் கிளம்பினான். அங்கே அவனுக்குச் சிநேகிதன் இருப்பது எனக்குத் தெரியாது.

3 செப்டம்பர், செவ்வாய்

நாளை ஊர்வலம். தலைக்குச் சாயம் தடவினேன். பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் மரியாதை அது. எண்ணெய்ப் பசை போகாமல் தடவியதால் காதோரம் சரியாகப் பிடிக்கவில்லை. உலகம்மாள் கதவு இடுக்கில் பார்த்துவிட்டுப் போனாள். அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

4 செப்டம்பர், புதன்

இன்று எழுதுவதற்கில்லை.

5 செப்டம்பர், வியாழன்

முகூர்த்தம் நல்லபடி நிறைவேறியது. அவியல் நன்றாக இருந்தது. நேற்று நடந்ததை நாளை எழுதுகிறேன்.

6 செப்டம்பர், வெள்ளி

ஊரில் பல விதமாகப் பேசுகிறார்கள். ஆகையால் உள்ளது உள்ளபடி ஓரிடத்தில் பதிவாக வேண்டும்.

புதன் மாலை ஐந்தரை மணி. முக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது. மோத்தா வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக இருந்தார். கார் முழுக்க மல்லிகை, ஒரு ஆணிகூட இல்லாமல் நூலிலேயே கட்டியிருந்தார்கள். கூரை மடிந்து கிடந்தது. முன்னால் நாகசுரம், தவில். இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். கைலாசம் மாலையோடு பின்சீட்டில் உட்கார்ந்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் நானும் ஏறினேன். என் ஒரு கையில் குடை, மறு கையில் வெற்றிலைத் தட்டு.

"மாமா, இந்த மால கழுத்த அறுக்கி. ஒரு நிமிசம் பிடிங்களேன்" என்றான் கைலாசம். எந்தக் கையால் பிடிப்பது? அவனே அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். "செருப்பக் கோயில் வாசல்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு ஓடியாரேன்" என்று இறங்கினான்.

அவன் இறங்கியதும் வண்டி நகர்ந்தது.

"மோத்தா! மாப்பிள்ளை ஏறலை!" என்று கத்தினேன். தவில் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மோத்தா மட்டும் திரும்பாமலேயே, "பின்னால பாக்காதீங்கய்யா. மேளக்காரன் தாளம் தப்பிருவான்" என்றார்.

நான் இறங்கியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். ஓடும் வாகனத்திலிருந்து குதிப்பது சட்டப்படி குற்றம். நான் கோர்ட் உத்தியோகஸ்தன். வண்டி அப்போது மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

கீழ ரத வீதியில் திரும்பினோம். இரு பக்கமும் மாடிகளில், சன்னல்களில், கடை வாசல்களில் ஜனங்கள். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதைக்காக ஒரு தடவை கையை உயர்த்தினேன். சில குழந்தைகள் கையாட்டினார்கள். பதிலுக்கு ஆட்டாவிட்டால் நன்றாக இருக்காது. காற்று நெற்றியில் பட்டது. மல்லிகை வாசனை. நாகசுரக்காரர் கல்யாணி வாசித்தார். கார் அவ்வளவு நீளமாக இருந்ததால் அதன் முன்பகுதி வேறு யாருக்கோ சொந்தமானது போலவும், பின்பகுதி மட்டும் என்னுடையது போலவும் இருந்தது.

பிறகுதான் பேச்சு காதில் விழுந்தது.

"ஏட்டி, இதுவா மாப்பிள்ளை?"

"காதுக்கிட்ட மை வழியுது பாரு."

"ரெண்டாந்தாரமா இருக்கும். வன்னியப்ப பிள்ளைக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கிளி மாதிரிப் பிள்ளையக் கொண்டு..."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது.

தெற்கு ரத வீதி முக்கில் வண்டி நின்றது. இருபது இளைஞர்கள் சைக்கிள்களைக் குறுக்கே படுக்க வைத்து, சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். சீர்திருத்த வாலிபர் மன்றமாம். தலைவன் சைக்கிள் கடை வைத்திருக்கும் அறிவுமணி. மேடைத் தமிழ் பேசுகிறவன்.

"பேத்தி வயதுப் பெண்ணுக்குத் தாத்தாவா மணமகன்?" என்று ஒருவன் கத்த, "இறங்கு! இறங்கு!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். நாகசுரம் நின்றது. மேளக்காரர்கள் ஓரமாக ஒதுங்கி வெற்றிலை போட ஆரம்பித்தார்கள்.

அறிவுமணி காருக்குப் பக்கத்தில் வந்தான். "முதியவரே, தங்கள் நரைக்குச் சாயம் பூசலாம். செய்யும் கொடுமைக்குச் சாயம் பூச இயலாது."

"தம்பி, நான் ஜில்லா கோர்ட் சிரஸ்தார்."

"சிரஸ்தார் என்றால் இருபது வயதுப் பெண்ணை மணக்கச் சட்டம் இருக்கிறதா?"

"நான் மாப்பிள்ளையே இல்ல."

"கழுத்தில் மாலை?"

"அது எம் மருமகன் மாலை."

"மருமகன் எங்கே?"

"செருப்பு எடுக்கப் போயிருக்கான்."

அந்த வீதியில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கேட்டதில்லை. மாடியிலிருந்தவர்களும் சிரித்தார்கள். மோத்தாவின் தோள்கள் குலுங்கின. ஊரிலுள்ள வக்கீல், வழக்காளி எல்லாருக்கும் தெரிந்த முகம் எனக்கு. முப்பது வருஷமாக ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அறிவுமணி கையை உயர்த்தினான். எல்லாரும் அடங்கினார்கள். "மணமகன் இல்லை என்றால், பின் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

தக்க பதில் சொன்னேன். வழிவிட்டார்கள்.

வழிவிட்டதோடு நிற்கவில்லை. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு காரின் இரு பக்கமும் மண்டபம் வரை நடந்தே வந்தார்கள். அறிவுமணி ஒரு பெட்ரோமாக்ஸை வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டான். காரணம் எனக்குத் தெரியாது.

மண்டப வாசலில் கைலாசம் செருப்புக் காலோடு நின்று மாமனாரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சந்து வழியாக நடந்து அரைமணி முன்னதாகவே வந்துவிட்டானாம். மாடியில் கல்யாணப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வன்னியப்ப பிள்ளை எனக்குச் சந்தனம் பூசினார். என் கை அவரைக் கும்பிட்டது. ஆரத்தி எடுத்து முடிந்ததும் உலகம்மாள் முன்னால் வந்து, "எறங்குங்க மாப்பிள்ளே" என்றாள். அவளுக்குக் கண்ணில் விளக்குப் பூச்சி விழுந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டே நின்றாள்.

8 செப்டம்பர், ஞாயிறு

புதுத் தம்பதி விருந்துக்கு வந்தார்கள். கைலாசத்தைத் தனியாக அழைத்து, "செருப்பு வேணும்னே விட்டதா?" என்று கேட்டேன்.

"என்னக் கேக்காதீங்க மாமா. எல்லாம் பிரமு போட்ட திட்டம்" என்று ஒரே வரியில் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்தான்.

அவள் மறைக்கவில்லை. "மாமா, நீங்க மறுபடி மறுபடி வந்து உக்காந்து பாத்தீங்கன்னு மோத்தா மாமா எழுதினாங்க. இவுக அது வரைக்கும் ஒரு தடவ கூடப் போகல. வேண்டவே வேண்டாம்னு எனக்குக் காயிதம் வேற எழுதினாக. அப்போ கார் யாருக்குன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆளத் தப்பா ஏத்தக் கூடாதுல்லா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பாவ ஒரு மாசம் தூங்க விடாமப் பண்ணுனீங்க. அதுக்கும் சேத்துத்தான்" என்றாள்.

இது மரியாதைக் குறைவு என்று சொல்வதற்காக எழுந்தேன். எழுந்த பிறகு, வன்னியப்ப பிள்ளையை நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றுதான் சொல்ல வந்தது.

9 செப்டம்பர், திங்கள்

கோர்ட் முடிந்து பாத்திரக் கடைக்குப் போனேன். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். வன்னியப்ப பிள்ளை, "விடுங்க அண்ணாச்சி. கார் ஊர்வலத்தப் பத்திக் கேக்க வந்த சனம் ஆளுக்கொரு செம்பு வாங்கிட்டுப் போகுது" என்றார். இந்தத் தடவை காப்பியை இருவரும் குடித்தோம்.

12 செப்டம்பர், வியாழன்

ஒரு கடிதம். அழகான கையெழுத்து. முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன், கடிதம் தொலைந்துபோகக் கூடும்.

"ஐயா, வணக்கம். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. தெற்கு ரத வீதியில் அக்காவோடு வசிக்கிறேன். சென்ற புதன்கிழமை எங்கள் வீட்டு மாடிக்கு நேர் கீழேதான் தங்கள் கார் நின்றது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதற்கு மன்னிக்கவும்.

ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டபோது தாங்கள் சொன்னதை மறக்க முடியவில்லை. 'உக்காந்து பாக்கணும்னு ஆசையா இருந்தது தம்பி. மூணு தங்கச்சிமாருக்கும் நாந்தான் நின்னு கலியாணம் பண்ணி வச்சேன். இப்போ மருமகனுக்கும். எனக்குன்னு நடக்கதுக்குள்ள வயசு போயிட்டு. ஒரு தடவ உக்காந்தா என்னன்னு தோணிச்சு. தப்புன்னா இறங்கிருதேன்' என்றீர்கள். குடையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கவும் எழுந்தீர்கள். அந்தப் பையன்தான் தங்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. இந்த வீதியில் மாப்பிள்ளை ஊர்வலம் குறைந்தது நூறு பார்த்திருப்பேன். நடுத்தெருவில் நின்று ஒருவர் மனதிலுள்ளதைச் சொல்லிக் கேட்டது இதுவே முதல் தடவை. அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தக் காரில் ஒரு தடவை உட்கார வேண்டும். உரிமையாளரிடம் கேட்டுச் சொல்ல இயலுமா? இப்படிக்கு, மங்கையர்க்கரசி."

நான் இவ்வளவு நீளமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தமிழாசிரியை. தவறாகக் கேட்டிருக்க வழியில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

பதில் எழுதினேன். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று வந்துவிட்டது. கிழித்தேன்.

14 செப்டம்பர், சனி

நான்கு தடவை கிழித்தேன். உலகம்மாள் குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அண்ணே இவ்வளவு எழுதுத?" என்றாள். ஆபீஸ் விஷயம் என்றேன். "ஆபீசுக்கு மங்கையர்க்கரசின்னு பேரு வச்சிருக்காங்களா?" என்றாள்.

கடைசியில் ஒரே வரி எழுதித் தபாலில் சேர்த்தேன். "கேட்டுச் சொல்கிறேன்."

18 செப்டம்பர், புதன்

மோத்தாவின் கார்டு. "ஞாயிறு காலை ஏழு மணி. திருச்செந்தூர் வரை. பிலோமினாவும் வருகிறாள், ஆகவே ஊரில் ஒருவரும் ஒன்றும் பேச முடியாது. சாயம் பூசாமல் வரவும்."

22 செப்டம்பர், ஞாயிறு

போய் வந்தோம்.

மங்கையர்க்கரசி டீச்சர் தெருமுனையிலேயே தயாராக நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருக்கிறார். கதர்ச் சேலை. கையில் இட்லிப் பொட்டலம். காரைப் பார்த்ததும் சுற்றிலும் ஒரு தடவை நடந்து வந்து, பின்னால் நின்ற உபரிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். முன்சீட்டில் மோத்தா, பிலோமினா அம்மாள், டீச்சர். பின்சீட்டில் நான் மட்டும். முறைப்படி அதுதான் சரி.

பாளையங்கோட்டை தாண்டியதும் மோத்தா குமிழைத் தொட்டார். கூரை மடிந்தது. டீச்சர் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். எதிரே ஒரு பஸ் வந்தது.

"சார், அன்னைக்கு நீங்க எல்லாருக்கும் கைய ஆட்டுனீங்களே. நானும் ஆட்டலாமா?" என்று திரும்பிக் கேட்டார்.

"தாராளமா ஆட்டலாம். சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல" என்றேன்.

பஸ் முழுக்க ஜனங்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடு மேய்க்கிறவர்கள், பனையேறிகள், ஒரு போலீஸ்காரர், யாரையும் விடவில்லை. அவர் ஒரு பக்கம் ஆட்டும்போது மறு பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுப்போவதால், அந்தப் பக்கத்தை நான் கவனித்துக்கொண்டேன்.

கடற்கரையில் இட்லி சாப்பிட்டோம். டீச்சர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நரை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அன்னைக்கு மறைச்சீங்க?" என்றார். மிளகாய்ப் பொடி காரமாக இருந்தது என்றேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆறுமுகநேரி பக்கத்தில் மோத்தா காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, குனிந்து, நான்கு டயரையும் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "சிரஸ்தாரய்யா, பின்சீட்டுல நீங்க ஒத்தையா ஒரு ஓரத்துல உக்காந்திருக்கறதால வண்டி ஒரு பக்கமா சாயுது. இப்பிடியே போனா டயர் தேஞ்சிரும். மறு பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும்" என்றார்.

"நடுவில நகந்து உக்காருதேன்" என்றேன்.

"அது சரிப்படாது" என்றார் பிலோமினா அம்மாள்.

அந்த வண்டியின் டயர் இங்கே எங்கும் கிடைக்காதாம். கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். பிறர் பொருளுக்கு நம்மால் சேதம் வரக் கூடாது. டீச்சர் இறங்கிப் பின்சீட்டுக்கு வந்து மறு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு வண்டி நேராக ஓடியது.